டெலனி சாப்பிடாத கறி

நடிகர் கறியைச் சாப்பிட்டுவிட்டார்.

ஒத்திகை அறையில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். மேசையில் தட்டு வெறுமையாகக் கிடந்தது. பாண் ரொட்டித் துண்டால் அதைத் துடைத்தும் விட்டிருந்தார். அவருக்கு மகளாக நடிக்கும் லீனா, அடுத்து தான் சொல்லவேண்டிய வசனத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு நின்றாள். அந்த வசனம்: "அப்பா, நீங்கள் தொடவே இல்லையே."

"நிரோஷன்!" என்று கத்தினார் இயக்குநர் உர்சூலா. "ஆர் உதைச் சமைச்சது?"

"அம்மா," என்றேன்.

உர்சூலா கத்தியது சுவிஸ் ஜெர்மனில். நடிகர் கதைப்பது அமெரிக்க ஆங்கிலம். எல்லாவற்றையும் எங்கள் வீட்டுத் தமிழிலேயே எழுதிவிடுகிறேன். அவர்கள் கதைத்தது எனக்கு இப்போதும் அப்படித்தான் கேட்கிறது.

நான் சுவிஸில் ஆரா நகரத்தில் ஒரு சிறிய நாடக அரங்கில் ரெக்விசிட்டர். மேடையில் நடிகர் கையில் எடுக்கும் எந்தப் பொருளும் என் பொறுப்பு: கரண்டி, குடை, சுடாத துவக்கு, மூக்குத் துடைத்த கைக்குட்டை. அரங்கு சிறியது என்பதால் மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பு ஓடும் பலகையையும் நானே இயக்குகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்தில் சண்டைக்காலத்தில் பாதியில் விட்டவர்கள். அப்பா டாவோஸில் ஒரு ஹோட்டல் குசினியில் தட்டுக் கழுவினார். எங்கள் ஆட்கள் அதைக் கோப்பை கழுவுவது என்பார்கள். எனக்கு இந்த வேலை கிடைத்த அன்று அப்பா நிறைய நேரம் யோசித்துவிட்டுச் சொன்னது இதுதான்:

"நான் கோப்பை கழுவினன். நீ இவ்வளவு படிச்சுப்போட்டுக் கோப்பை வைக்கிறாய்."

இந்த வேலைக்கு வர நினைக்கிற தம்பி தங்கைகளுக்காக, அந்தக் கோப்பைகளில் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன்.

1. எந்தக் கதிரை உடையும்?

பக் டெலனி என்ற பெயர் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. உங்கள் அப்பாமாரைக் கேளுங்கள். ஒரு காலத்தில் வீடியோக் கடைகளில் அவர் முகம் இல்லாத அலுமாரி கிடையாது. ஹெலிகொப்டரில் இருந்து லொறிக்குப் பாய்வார், லொறியில் இருந்து ரயிலுக்குப் பாய்வார், ரயில் வெடிக்கும், அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்து வருவார். சேர்ட் இருக்காது. ஒரு படத்தில் டாவோஸ் மலையில் கேபிள் காரின் அடியில் ஒற்றைக் கையால் தொங்கினார். அந்தப் படம் எடுத்தபோது அவர் தங்கியிருந்தது அப்பா வேலை செய்த ஹோட்டலில்.

இப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சினிமா கூப்பிடுவதில்லை. உர்சூலாவின் நாடகத்துக்கு அவராகக் கேட்டு வந்திருந்தார். மனைவியை இழந்த ஒரு கிழட்டுப் படகோட்டி பற்றிய அமைதியான ஆங்கில நாடகம். சண்டை கிடையாது. வெடி கிடையாது. பத்திரிகைக்காரர் எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: இந்த மனிதருக்கு நடிக்கத் தெரியுமா?

அப்பாவிடம் சந்தேகமே இல்லை. "உவருக்கு நடிக்கத் தெரியாது. விழத்தான் தெரியும். ஆனால் வடிவா விழுவார்."

முதல்நாள் ஒத்திகையில் அப்பா சொன்னது சரிபோலத்தான் இருந்தது. லீனா கதவை அடித்துச் சாத்தவேண்டிய இடத்தில் அடித்துச் சாத்தினாள். டெலனி ஒரே பாய்ச்சலில் மேசைக்கு அடியில் போய்விட்டார். அங்கிருந்து மெதுவாகத் தலையை நீட்டி, "மன்னிக்கவேணும், பழக்கம்," என்றார்.

இடைவேளையில் என்னிடம் வந்தார்.

"தம்பி, இதில எந்தக் கதிரை உடையும்?"

"ஒண்டும் உடையாது."

"ஒண்டுமே?"

"எல்லாம் பழைய சாமான் கடையில வாங்கின உண்மையான கதிரையள்."

அவர் ஒவ்வொரு கதிரையிலும் உட்கார்ந்து, முதுகுப் பலகையைத் தட்டிப் பார்த்தார். பிறகு மேடையின் ஜன்னலடிக்குப் போய், சுற்றிப் பார்த்துவிட்டு, கண்ணாடியை நக்கினார்.

"கண்ணாடி!" என்றார். குரலில் ஒரு சிறுபிள்ளையின் ஆச்சரியம். சினிமாவில் அவர் பாய்ந்த ஜன்னல்கள் எல்லாம் சீனிப் பாகில் செய்தவையாம். "என்ரை தொழில்ல நான் தொட்டது ஒண்டும் உண்மையில்லை. துவக்குப் பொய், சுவர் பொய், இரத்தம் பழப்பாகு. அதுதான் இஞ்சை வந்தனான். ஒரு உண்மையான சாமானை முன்னால வைச்சு நடிச்சுப் பாக்கவேணும்."

அவர் நக்கிய இடத்தை நான் துடைத்தேன். அதுவும் என் பொறுப்பு.

2. யாரும் சாப்பிடாத சாப்பாடு

நாடகத்தின் உயிர் ஒரு தட்டு இறைச்சிக் கறி. மனைவி செத்து ஒரு வருடம். அவள் சமைக்கும் ஆட்டிறைச்சியை மகள் அதே மாதிரிச் சமைத்து அப்பாவுக்கு முன்னால் வைக்கிறாள். அவர் சாப்பிடவேண்டும் போல் பார்க்கிறார், சாப்பிடவில்லை, தட்டை ஒரு சாண் தள்ளிவைக்கிறார். அவ்வளவுதான். மீதி நாடகம் முழுவதும் அந்தத் தட்டு ஆறிப்போய் மேசையில் கிடக்கவேண்டும். கடைசி வரைக்கும் எல்லாரும் அதைப் பற்றியே கதைக்கிறார்கள்.

முதலில் தகரத்தில் அடைத்த இறைச்சியைச் சூடாக்கி வைத்தேன். டெலனி மணந்து பார்த்துவிட்டு, "நாய்க்குச் சமைச்சதோ? இதை வேண்டாமெண்டு சொல்ல நடிப்பு எதுக்கு?" என்றார். நியாயமான பேச்சு. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன்.

அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதியில் வேலை செய்கிறா. நான் சொன்னதை முழுக்கக் கேட்டா.

"செத்த வீட்டில ஆரடா ஆட்டிறைச்சி வைக்கிறது?"

"அம்மா, அது நாடகம்."

"நாடகமெண்டால்? முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் மீன் இறைச்சியெண்டு ஒரு மச்சமும் சேர்க்கிறேல்லை. அதுதான் அந்த மனுசன் சாப்பிடேல்லை. மகள் பெட்டைக்குத் தெரியாது, மனுசனுக்குத் தெரிஞ்சிருக்கு."

"செத்து ஒரு வருசம் ஆச்சுதம்மா."

அம்மா கணக்குப் பார்த்தா. "அப்ப திவசமும் முடிஞ்சுது. சாப்பிடலாம்தானே! பேந்து ஏன் சாப்பிடேல்லை?"

"கவலை."

"கவலையெண்டால்தான் மனுசருக்குச் சாப்பாடு குடுக்கவேணும்."

உர்சூலா கேட்டது உறைப்பில்லாத, வாசம் குறைந்த, பார்ப்பதற்கு மட்டும் ஒரு கறி. அதையும் சொன்னேன். "சும்மா ஏனோதானோ எண்டு வையுங்கோ அம்மா. ஆரும் சாப்பிடப் போறேல்லை."

அம்மா அகப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. "ஆரும் சாப்பிடாத சாப்பாடு நான் எப்பிடியடா சமைக்கிறது?"

முயற்சி செய்தா என்பதைச் சொல்லவேண்டும். வெங்காயத்தைக் குறைத்தா, பிறகு பாவம் என்று சேர்த்தா. தூளை அரைக் கரண்டி போட்டா, நிறம் காணாது என்று இன்னும் ஒன்றரைக் கரண்டி போட்டா. கடைசியில் றம்பை இலையும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினா. அதைச் சூடு ஆறாமல் கட்டி ரயிலில் கொண்டுபோனேன். என் பெட்டியில் இருந்த எல்லாரும் என் மடியையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

அன்றுதான் டெலனி தட்டைத் துடைத்துச் சாப்பிட்டது.

3. சொந்தமில்லாத வயிறு

அடுத்தநாளும் சாப்பிட்டார். அதற்கு அடுத்தநாளும் சாப்பிட்டார். "இண்டைக்குத் தொடமாட்டன்," என்று உர்சூலாவின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்துவிட்டுப் போய் மேசையில் உட்காருவார். தட்டு வரும். ஆவி முகத்தில் அடிக்கும். கை தானாகப் போகும்.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒத்திகைக்கு முன்னால் ஒப்பனை அறையில் இரண்டு தட்டுக் கொடுத்து வயிற்றை நிரப்பிவிட்டேன். நன்றி சொன்னார். பிறகு மேடைக்குப் போய் மூன்றாவது தட்டையும் சாப்பிட்டார்.

"பக்," என்றார் உர்சூலா, "நீ கேபிள் காரில தொங்கினவன். ஒரு கறியில தொங்கேலாதோ?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "உர்சூலா, முப்பது வருசம் என்ரை வயிறு எனக்குச் சொந்தமில்லை. ஒவ்வொரு படத்துக்கும் சேர்ட்டைக் கழட்டவேணும். அவிச்ச கோழி நெஞ்சு, முட்டை வெள்ளை, பிறகும் அவிச்ச கோழி நெஞ்சு. என்ரை பிறந்தநாள் கேக்கை மற்றாக்கள் சாப்பிடுறதைப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறன். வாழ்க்கை முழுக்க வேண்டாம் வேண்டாம் எண்டுதான் சொன்னனான். இப்பதான் ஒருத்தரும் என்ரை வயித்தைப் பாக்கிறேல்லை. இந்தக் கிழவன்ர சேர்ட்டைக் கழட்டச் சொல்லி இந்த நாடகத்தில இல்லை."

இதை வீட்டில் சொன்னேன். அப்பா உடனே, "மெய்தான்," என்றார். "உவற்ற அறையில இருந்து வாற கோப்பையள் எனக்கு நினைவிருக்கு. எண்ணெய்ப் பசையே இல்லை. நான் கழுவேல்லை, சும்மா தண்ணி காட்டிப்போட்டு வைச்சனான்."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்தநாள் கறியில் ருசியான எலும்புத் துண்டுகள் கூடியிருந்தன.

கடைசி முழு ஒத்திகையில் டெலனி பார்வையாளருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரேயொரு துண்டை வாயில் போட்டார். உர்சூலா தாடை அசைவதைக் கண்டுவிட்டார்.

"காணும். இதோட போதும், நாளைக்குப் பிளாஸ்ரிக் கறி. நிரோஷன், செய்."

டெலனி கோபப்படவில்லை. அது எங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "சரி," என்றார். "அப்ப பத்திரிகைக்காரர் எழுதப்போறது சரிதான். பிளாஸ்ரிக்குக்கு முன்னால இருந்து நடிக்கத்தான் எனக்குத் தெரியும்."

உர்சூலா மேடையைச் சுற்றி நடந்தார். இங்கே நாடகக்காரரிடம் ஒரு நம்பிக்கை உண்டு: கடைசி ஒத்திகை நாசமானால் முதல்நாள் நன்றாகப் போகும். அதை நினைத்தாரோ தெரியாது.

"உண்மையான கறியே வரட்டும்," என்றார். "ஆனா பக், கேள். நீ சாப்பிட்டால் அதுக்குப் பிறகு எங்களிட்டை நாடகம் இல்லை. லீனாவுக்குச் சொல்ல வசனம் இல்லை. திரையை மூடிப்போட்டு சனத்தை வீட்டை அனுப்புவன். நாங்கள் அடுத்துப் போகவிருக்கிற ஃப்ரிபூர்க் காட்சியும் இல்லை, டாவோஸ் காட்சியும் இல்லை. உன்னை ஒருத்தரும் பிறகு மேடைக்குக் கூப்பிடமாட்டினம்."

"விளங்குது," என்றார் டெலனி. "ஒரு சாண். தள்ளிவைக்கவேணும்."

"ஒரு சாண்."

4. முதல்நாள்

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் முதல்நாளுக்கு ரிக்கெட் எடுத்துக் கொடுத்தேன். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவர்கள் கண்ணால் கண்டதில்லை. சுவிஸ்காரர் முன் வரிசையில் இருக்கக் கூச்சப்படுவார்கள். அது எப்போதும் வெறுமையாகக் கிடக்கும். அம்மா அதைத் தங்களுக்கு ஒதுக்கிய மரியாதை என்று நினைத்து, காஞ்சிபுரம் சேலையோடு போய் நடுவில் இருந்தா. அப்பா பக்கத்தில் இருந்து, விளக்கு அணையமுன் நித்திரையாகிவிட்டார்.

நான் பின்னால் கண்ணாடிக் கூண்டுக்குள் மொழிபெயர்ப்புப் பலகையோடு இருந்தேன். வசனங்கள் எல்லாம் முன்பே தட்டி வைத்தவை; ஒவ்வொன்றாக அனுப்பவேண்டியதுதான்.

கறி வந்தது. விளக்கு வெளிச்சத்தில் ஆவி எழும்பியது. வாசம் மெல்ல மெல்லப் பின்வரிசைக்கு வந்து சேர்வதை, தலைகள் நிமிர்வதை வைத்தே கண்டேன்.

டெலனி தட்டைப் பார்த்தார். கரண்டியை எடுத்தார். நாடகத்தில் கரண்டி எடுப்பது இல்லை. உர்சூலா என் கூண்டின் கதவடியில் நின்றார். அவரின் மூச்சு எனக்குக் கேட்டது. கரண்டி குழம்பில் இறங்கியது. ஒரு துண்டோடு மேலே வந்தது. வாய்க்கு நேரே வந்து நின்றது.

"போச்சு," என்றார் உர்சூலா.

அப்போது முன் வரிசையில் இருந்து ஒரு குரல். முதியோர் இல்லத்தில் காது கேளாதவர்களோடு கதைத்துப் பழகிய குரல்.

"ஏன் அண்ணை, உப்புக் காணாதோ?"

அரங்கு முழுவதும் திரும்பியது. டெலனியின் கரண்டி அப்படியே நின்றது. என் கை என்னைக் கேட்காமலே பலகையில் ஜெர்மனில் தட்டியது: "ஏன் அண்ணா, உப்புக் குறைவா?" அனுப்பினேன். மேடைக்கு மேலே எழுத்து மின்னியது. சனம் அதை வாசித்துவிட்டு, ஓகோ, இதுவும் நாடகம்தான் என்று திரும்பவும் மேடையைப் பார்த்தது.

டெலனிக்குத் தமிழ் தெரியாது. பலகை அவருக்குத் தெரியும் இடத்திலும் இல்லை. ஆனால் ஒருவர் சாப்பிடாமல் கரண்டியோடு நிற்கும்போது, அந்தக் குரலில், அந்தப் பார்வையோடு, வேறு எதைக் கேட்பார்கள்? அவர் முன் வரிசையைப் பார்த்தார். சேலையைக் கண்டதும், கறி சமைத்தது யார் என்று அவருக்கு விளங்கியது. கரண்டியைத் தட்டில் வைத்தார்.

"இல்லை அம்மா," என்றார். "ஒரு குறையும் இல்லை. அவளும் இப்பிடித்தான் சமைக்கிறவள். அதுதான் எனக்குச் சாப்பிட ஏலாமல் கிடக்கு."

இந்த வசனம் எந்தப் பிரதியிலும் இல்லை. தட்டினேன். அனுப்பினேன்.

அம்மா ஜெர்மன் எழுத்தைக் கூட்டி வாசிப்பா. தலையை நிமிர்த்தி, உதடு அசைய, மெதுவாக வாசித்து முடித்தா. முழு அரங்கும் அவவுக்காகக் காத்திருந்தது.

"சரி," என்றா. "அப்ப ஆறுதலா, மெல்லச் சாப்பிடுங்கோ. ஒரு மூடி போட்டு வையுங்கோ, சூடு ஆறாது."

அதையும் அனுப்பினேன். யாரோ சிரித்தார்கள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். டெலனி தட்டை ஒரு சாண் தள்ளிவைத்தார். சாணுக்கு ஒரு விரல் கூட இராது, குறைய இராது. லீனா தன் வசனத்தைச் சொன்னாள்: "அப்பா, நீங்கள் தொடவே இல்லையே."

முடிந்ததும் சனம் எழும்பி நின்று கை தட்டியது. அப்பா அந்தச் சத்தத்தில் எழும்பி, "விழுந்திட்டாரோ?" என்று கேட்டார்.

உர்சூலா ஓடிப்போய் அம்மாவைக் கட்டிப்பிடித்தார். அம்மாவுக்கு அதில் மனம் போகவில்லை. "தம்பி, அந்த மனுசன் கடைசிமட்டும் சாப்பிடேல்லை. வெறும் வயித்தோட படுக்கப்போறார்," என்றா. திரைக்குப் பின்னால் டெலனி நின்றபடியே அந்தத் தட்டை முடித்துக்கொண்டிருந்தார்.

5. அம்மா என்ற நடிகை

அடுத்தநாள் காலை உர்சூலா அம்மாவை எல்லாக் காட்சிகளுக்கும் ஒப்பந்தம் செய்தார். ஒரே நிபந்தனை: முதல்நாள் கேட்டதையே ஒவ்வொரு நாளும் கேட்கவேண்டும்.

அம்மா அதற்குச் சம்மதித்தா. ஆனால் செய்யவில்லை.

"ஒரே கேள்வியை ஒவ்வொரு நாளும் கேட்டால் அந்த மனுசன் என்ன நினைப்பார்? நேற்றுச் சொன்னனான்தானே எண்டு நினைக்கமாட்டாரே?"

ஆகவே ஒருநாள், "கறுவாப்பட்டை கூடிப்போச்சோ?" என்று கேட்டா. இன்னொருநாள், "பல்லுக் கொதியோ, கடிக்க ஏலாதோ? எலும்பில்லாத துண்டு அடியில கிடக்கு," என்றா. ஃப்ரிபூர்க்கில் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இரண்டு வரியாக அனுப்பவேண்டும். அங்கே அம்மா கறிக்கு ஆட்டின் எந்தப் பாகம் நல்லது என்று விளக்கத் தொடங்கியதும் எனக்கு வியர்த்துவிட்டது. டெலனி மட்டும் அசரவில்லை. மொழி விளங்காவிட்டாலும், என்ன கேட்டாலும் அந்தக் கிழவனாகவே பதில் சொன்னார். நான் அவருக்குத் தமிழில் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தேன்: "காணும்." போதும் என்று அர்த்தம்.

கடைசிக் காட்சி டாவோஸில். அப்பா தன் பழைய ஹோட்டலைக் காட்ட டெலனியைக் கூட்டிக்கொண்டு போய், குசினிப் பின்கதவடியில் நின்று, தண்ணீர் காட்டின கதையைக் கைச்சாடையில் சொல்லி முடித்தார். அம்மா வாடகைக்கு எடுத்த அறையில் சமைத்தா. ஒரு கண் அடுப்பில், ஒரு கண் கண்ணாடியில். கடைசி நாள் என்பதால் புதுச் சேலை. கொண்டை இரண்டு முறை அவிழ்ந்துபோனது.

அன்று டெலனி இன்னும் நன்றாக நடித்தார். திரை விழுந்தபிறகு ஒப்பனை அறையில் தட்டோடு இருந்தார். அம்மா முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. முதல் வாய் வைத்தார். ஒரு கணம், மிகச் சிறிய கணம், மெல்லுவது நின்றது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்.

"உப்புக் காணாதோ?" என்றா அம்மா. இந்தமுறை நாடகத்துக்காக இல்லை.

"காணும், அம்மா," என்றார் டெலனி தமிழில். "காணும், காணும்." முழுவதையும் சாப்பிட்டு, பாணால் துடைத்து, தட்டை நீட்டினார். அம்மா இன்னும் இரண்டு கரண்டி போட்டா. அதையும் சாப்பிட்டார். அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

அப்பாவுக்குக் கழுவாத சட்டி ஒன்று கண்ணில் பட்டால் பொறுக்காது. அதை எடுத்துக்கொண்டு பின்னால் தண்ணீர்த் தொட்டிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் என்னைச் சாடையாகக் கூப்பிட்டார். அடியில் இருந்த குழம்பில் விரலைத் தொட்டு நக்கிப் பார்க்கச் சொன்னார்.

நக்கினேன். ஒரு கல் உப்புக்கூட இல்லை. அம்மா போட மறந்திருந்தா.

அப்பா கதவிடுக்கால் டெலனியை எட்டிப் பார்த்தார். அவர் வயிற்றைத் தடவி, அம்மாவுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார்.

"டேய்," என்றார் அப்பா மெதுவாக. "உவன் நடிகன்தான்ரா."

அன்றிலிருந்து மேடைக்குப் போகும் எந்தச் சாப்பாட்டையும் நான் முதலில் ஒரு விரல் ருசி பார்க்கிறேன். இந்தத் தொழிலுக்கு வருகிற நீங்களும் பாருங்கள். யாரும் சாப்பிடப்போவதில்லை என்று பிரதியில் எழுதியிருந்தாலும் பாருங்கள். அம்மாவை எங்காவது கண்டால் மட்டும் உப்பைப் பற்றி மூச்சு விடாதீர்கள்.